பியாங்சாங் 2018: கோட்டைத் தாண்டின பிறகு வர்ற அந்தப் பத்து நொடி

நூறில்_ஒன்று
17 சனவரி 2026, இரவு 9:10

மிலான்-கார்ட்டினா குளிர்கால ஒலிம்பிக்ஸ் தொடங்க இன்னும் மூணு வாரம். புதுசு வர்றதுக்குள்ள பழசைக் கொஞ்சம் அசைபோடலாம்னு, தென்கொரியாவுல நடந்த பியாங்சாங் வீடியோக்களைத் தூசு தட்டினேன். எட்டு வருஷம் ஆகியும் எனக்குப் பிடிச்ச குளிர்கால ஒலிம்பிக்ஸ் அதுதான். உங்களுக்குப் பிடிச்ச கணங்களையும் எழுதுங்க, ஆனா ஒரே ஒரு கண்டிஷன். பதக்கப் பட்டியலைத் தூக்கிட்டு யாரும் வரக்கூடாது. நார்வே 39 பதக்கம் அள்ளினது எல்லாருக்கும் தெரியும்.

எனக்குப் பிடிச்சது போட்டியே இல்ல, போட்டி முடிஞ்ச பிறகு வர்ற பத்து நொடி. கோட்டைத் தாண்டி, பிரேக் போட்டு நின்னு, மூச்சு வாங்கிட்டே திரும்பி நேரம் காட்டுற போர்டைப் பாப்பாங்க இல்லையா, அந்த முகம். அதுக்காகத்தான் நான் பனி விளையாட்டே பாக்குறேன்.

முதல்ல எஸ்டர் லெடெட்ஸ்கா. பிப்ரவரி 17, சனிக்கிழமை, ஜியோங்சியோன் மலை, பெண்கள் சூப்பர்-ஜி. ஆஸ்திரியாவோட அன்னா ஃபைத் 1:21.12-ல இறங்கி முதலிடத்துல உக்காந்திருக்காங்க. 2014-ல இதே போட்டியில தங்கம் வாங்கினவங்க. பெரிய பேரெல்லாம் இறங்கி முடிச்சாச்சு. அமெரிக்க டிவி ஃபைத்துக்குத்தான் தங்கம்னு சொல்லிட்டு ஃபிகர் ஸ்கேட்டிங் பக்கம் போயிடுச்சு. அப்புறம்தான் 26-ம் நம்பர் மாட்டிக்கிட்டு ஒரு செக் பொண்ணு இறங்குது. ஸ்னோபோர்டுல உலக சாம்பியன், ஆனா ஸ்கீ உலகக் கோப்பையில ஒரு தடவைகூட மேடை ஏறினது இல்ல. கால்ல மாட்டியிருந்த ஸ்கீ முன்னாடி மிக்கேலா ஷிஃப்ரின் ஓட்டினது.

கீழ வந்து நின்னாச்சு. போர்டுல 1:21.11.

கூட்டம் கத்துது. அந்தப் பொண்ணு அசையல. வாய் லேசா திறந்திருக்கு, கண்ணாடியைக் கழட்டல, கையைத் தூக்கல, ஒண்ணுமே செய்யல. நிறுத்தத்துல இறங்கி, இது நம்ம ஊரா இல்லையான்னு பெயர்ப்பலகையைப் பாக்குற மாதிரி போர்டையே பாத்துட்டு நிக்குது. ஏதோ தப்பு நடந்திருக்கு, கொஞ்சம் நின்னா நேரத்தை மாத்திப் போடுவாங்கன்னு நினைச்சதா பிறகு சொன்னாங்க. நூறுல ஒரு பங்கு நொடி. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகம்னு வச்சா ஒரு ஜாண், அதுக்கு மேல நாலு விரல், அவ்வளவுதான். என் பேரு எங்கிருந்து வந்ததுன்னு இப்பப் புரிஞ்சிருக்கும்.

பத்திரிகையாளர் சந்திப்புலயும் கண்ணாடியைக் கழட்டல. ஏன்னு கேட்டா, ஜெயிப்பேன்னு நினைக்கல, அதனால மேக்கப் போடாம வந்துட்டேன்னு பதில். ஒரு வாரம் கழிச்சு, 24-ந் தேதி, ஸ்னோபோர்டு பேரலல் ஜயண்ட் ஸ்லாலம்லயும் தங்கம். ஒரே ஒலிம்பிக்ஸ்ல ரெண்டு விளையாட்டுல தங்கம் வாங்கின முதல் ஆள். அந்த ரெண்டாவது தங்கம் எனக்கு அவ்வளவா நினைவுல இல்ல. ஜெயிச்சதும் சாதாரணமா சந்தோஷப்பட்டாங்க, அதான் காரணம்.

ரெண்டாவது, அடுத்த நாள் காங்நூங் ஓவல்ல 500 மீட்டர் வேகச் சறுக்கு. ஜப்பானோட நவோ கோடைரா 36.94. ஒலிம்பிக் சாதனை. ஜப்பான் ரசிகர்கள் கூரையைப் பிய்க்கிறாங்க. அடுத்த ஜோடியில நிக்கிறது கொரியாவோட லீ சாங்-ஹ்வா. 2010, 2014 ரெண்டுலயும் தங்கம், 36.36-னு உலக சாதனை, சொந்த மண். கோடைரா சுத்தி வந்துட்டே தன்னோட ரசிகர்களைப் பாத்து உதட்டுல விரலை வைக்கிறாங்க. உஷ்ஷ், அடுத்தவ ஓடப் போறா.

லீ 37.33, வெள்ளி. கொரியக் கொடியைப் பிடிச்சுட்டு அழுதுக்கிட்டே வர்றாங்க. கோடைரா காத்திருந்து கட்டிப் பிடிக்கிறாங்க. கொரிய மொழியிலயே "நல்லா பண்ணே"ன்னு சொன்னாங்களாம். ஒருத்தி தோள்ல ஒருத்தி கை போட்டுட்டு, ரெண்டு கொடியோட அப்படியே சுத்தி வந்தாங்க. பின்கதை ஒண்ணு இருக்கு. சில வருஷம் முன்னாடி சியோல் உலகக் கோப்பையில கோடைரா ஜெயிச்சிருக்காங்க. அன்னைக்கே நெதர்லாந்துக்குப் பறக்கணும். விமான நிலையத்துக்கு டாக்சி பிடிச்சுக் காசையும் கொடுத்து அனுப்பினது தோத்துப்போன லீ. இதை கோடைராவே சொன்னாங்க.

சரி, உங்க முறை.

---

சும்மா_படிக்கிறவன்
17 சனவரி, இரவு 9:48

அண்ணே, எனக்கு இதுல எதுவும் தெரியாது, சும்மா படிக்க வந்தேன். சூப்பர்-ஜி-ன்னா என்ன? இன்னொருத்தர் ஸ்கீயை வாங்கிப் போட்டுட்டு ஓடலாமா? அளவு செருப்பு மாதிரி இல்லையா?

---

நூறில்_ஒன்று
17 சனவரி, இரவு 10:05

தம்பி, மலை ஸ்கீயில வேகமானது டவுன்ஹில். கதவுகளுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போறது ஜயண்ட் ஸ்லாலம். ரெண்டுக்கும் நடுவுல நிக்குறது சூப்பர்-ஜி. இதுல ஒரே ஒரு ஓட்டம்தான். டவுன்ஹில் மாதிரி முன்கூட்டியே ஓடிப் பழக விடமாட்டாங்க. காலையில மெதுவா பக்கவாட்டுல சறுக்கிட்டே இறங்கி, எங்க திரும்பணும்னு மனப்பாடம் பண்ணிக்கணும். அதனாலதான் 26-ம் நம்பர்லருந்து ஒருத்தி வந்து தட்டிட்டுப் போக முடிஞ்சது.

காலணி அவங்கவங்களோடது. ஸ்கீயில அந்தக் காலணிக்கு ஏத்த மாதிரி பிடிப்பை மாத்திக்கலாம். கம்பெனிக்காரங்ககிட்ட இருக்குற நல்ல ஜோடி ஒண்ணை எடுத்துக் கொடுத்திருக்காங்க.

---

ஒஸ்லோக்காரி
18 சனவரி, அதிகாலை 2:30

நூறில் ஒன்று தம்பி, உங்கட கண்டிசனை நான் உடைக்கப் போறன். கோட்டைத் தாண்டின பிறகு எண்டு சொல்லுறீங்கள். நான் சொல்லுறது தொடங்கி ஒரு நிமிசத்துக்குள்ள நடந்தது.

பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை காலமை. இஞ்ச நோர்வேயில ஞாயிறு காலமை ஸ்கீ ஓட்டம் எண்டால் ஊரே டிவிக்கு முன்னால. மனுசன் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருக்கிறார், நான் சோபாவில. ஆம்பிளையளுக்கான 30 கிலோமீற்றர் ஸ்கியாத்லன். முதல் 15 கிலோமீற்றர் பழைய முறை, தண்டவாளம் மாதிரி ரெண்டு கோட்டுக்குள்ள. பிறகு ஸ்கீயை மாத்திப்போட்டு மிச்ச 15 ஸ்கேற்றிங் முறை. வெடி வெடிச்சுது, எல்லாரும் கிளம்பினவை, உடனயே எங்கட ஆள் ஒருத்தர் விழுந்திட்டார். சீமன் ஹெக்ஸ்டாட் க்ரூகர். அவருக்கு மேல ரெண்டு ரஷ்யர் விழுந்தவை. கையில இருந்த ஊன்றுகோல் முறிஞ்சு போச்சு. எழும்பிப் பாத்தால் முழுக்கூட்டமும் முன்னால போட்டுது, கடைசி ஆள் இவர்தான். நான் மனுசனைக் கூப்பிட்டு "இவன்ர கதை முடிஞ்சுது" எண்டன்.

எங்கட ஆள் அவதிப்படேல்ல. அதுதான் விசயம். விழுந்து எழும்பின ஆக்கள் பயத்தில முதல் ரெண்டு கிலோமீற்றரிலயே ஓடிப் பிடிக்கப் பாத்து, பிறகு காலில பலமில்லாமப் போயிடுவினம். இவர் ஒவ்வொருத்தராப் பிடிச்சுக்கொண்டு வந்து கூட்டத்தோட சேந்தார். கடைசி அஞ்சு கிலோமீற்றர் அளவில தனியப் பிச்சுக்கொண்டு போனார். பிறகு ஒருத்தராலயும் பிடிக்கேலாமப் போச்சு. சுண்ட்பி ரெண்டாவது, ஹோலுண்ட் மூண்டாவது, மூண்டும் நோர்வே. 8 நொடி வித்தியாசம். மனுசன் கொண்டுவந்த தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது.

இஞ்ச ஒரு சொல்லு இருக்கு, நோர்வேக்காரர் காலில ஸ்கீயோட பிறக்கிறவை எண்டு. நாங்கள் அப்பிடிப் பிறக்கேல்ல. நான் வந்த முதல் வருசம் பள்ளிக்கூடத்தில ஸ்கீ நாள் எண்டு காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவை. பையுக்குள்ள ஒரு தோடம்பழமும் க்விக் லுன்ஷ் சொக்லேற்றும் கட்டாயம். வகுப்பில எல்லாரும் போட்டினம், நான் ஒரு சின்ன மேட்டில நாலு தரம் விழுந்து அழுதுகொண்டு தோடம்பழத்தை உரிச்சுத் திண்டுகொண்டிருந்தனான். ரீச்சர் திரும்பி வந்து பக்கத்தில இருந்து தானும் ஒரு சுளை கேட்டு வாங்கித் திண்டா. அதுக்குப் பிறகுதான் எழும்பினனான். க்ரூகர் விழுந்தோண்ண எனக்கு அந்த மேடுதான் ஞாபகம் வந்தது.

கடைசி நாள் மாரிட் பியோர்கன்ர 30 கிலோமீற்றரையும் சொல்லவேணும். 37 வயசு, ஒரு பிள்ளைக்குத் தாய். ரெண்டாவதா வந்த பின்லாந்துக்காரிக்கு ஒண்டரை நிமிசத்துக்கும் கூட முன்னால, கையில கொடியோட வந்தா. அது அவவின்ர 15-வது ஒலிம்பிக் பதக்கம். குளிர்கால ஒலிம்பிக்ஸில அவ்வளவு பதக்கம் அதுக்கு முதல் ஒருத்தருக்கும் இல்ல.

அதே ஓட்டத்தில ஒரு பாவம். ரெண்டாவதா வந்துகொண்டிருந்த ஆஸ்திரியாக்காரி தெரேசா ஸ்டாட்லோபர் பாதை மாறி வேற சுற்றில போட்டா. திரும்பி வந்து கடைசியில ஒன்பதாவது.

---

சும்மா_படிக்கிறவன்
18 சனவரி, காலை 8:15

ஒலிம்பிக்ஸ்லயே வழி மாறிப் போறாங்களா! கோயம்பேடுன்னு நினைச்சு கிளாம்பாக்கத்துல இறங்கி நின்ன எனக்கு இப்பதான் நிம்மதி.

---

நாலாவது_சுற்று
18 சனவரி, காலை 10:40

நூறில் ஒன்று, ஒரு திருத்தம். "ஒரே ஒலிம்பிக்ஸ்ல ரெண்டு விளையாட்டுல தங்கம் வாங்கின முதல் ஆள்" தப்பு. 1924 சமோனியிலேயே நார்வேயின் தோர்லைஃப் ஹவுக் கிராஸ்-கன்ட்ரி ஸ்கீ ஓட்டத்திலும், தாவலும் ஓட்டமும் சேர்ந்த நார்டிக் கம்பைண்டிலும் வாங்கிவிட்டார். 1928-ல் க்ரோட்டும்ஸ்ப்ரோட்டென் அதையே செய்தார். லெடெட்ஸ்கா இதைச் செய்த முதல் பெண். மலை ஸ்கீ, ஸ்னோபோர்டு என்ற ஜோடியில் முதல் ஆள். இதுவே போதுமான பெருமை, கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் "பத்து நொடி" அளவுகோலை ஏற்றுக்கொண்டே என் பங்கு.

பிப்ரவரி 15. ஜோடி ஸ்கேட்டிங். அல்யோனா சாவ்சென்கோவுக்கு 34 வயது, ஐந்தாவது ஒலிம்பிக்ஸ். உக்ரைனில் பிறந்து ஜெர்மனிக்கு ஆடுபவர். பழைய ஜோடி ரோபின் ஷோல்கோவியுடன் 2010, 2014 இரண்டிலும் வெண்கலம்தான். புது ஜோடி ப்ரூனோ மாஸோ பிரெஞ்சுக்காரர். ஜெர்மன் மொழித் தேர்வில் தோற்றுத் தோற்று, 2017 கடைசியில்தான் அவருக்குக் குடியுரிமையே கிடைத்தது. குறும் சுற்றில் மாஸோ ஒரு தாவலை மூன்று சுழற்சிக்குப் பதில் இரண்டோடு நிறுத்திவிட்டார். நான்காம் இடம். அடுத்த நாள் நீள் சுற்றில் 159.31, அன்றைய உலக சாதனை. ஆடி முடித்ததும் இருவரும் பனியிலேயே விழுந்துவிட்டார்கள். ஆனால் நான் சொல்ல வருவது அதுவல்ல. அவர்களுக்குப் பிறகு மூன்று ஜோடிகள் ஆட வேண்டியிருந்தது. முதலிடத்தில் இருப்பவர்களை ஓரத்தில் உட்கார வைத்து, மற்றவர்கள் ஆடி முடிக்கும்வரை காமிரா அவர்கள் முகத்தையே காட்டும். பத்து நொடி அல்ல, அரை மணி நேரம். கடைசியில் சீனாவின் சுயி-ஹான் ஜோடியை 0.43 புள்ளியில் முந்தினார்கள்.

இன்னொன்று, பனித்தடத்தில் வண்டியில் சறுக்கும் இருவர் பாப்ஸ்லெட். நான்கு ஓட்டம், எல்லாவற்றையும் கூட்டினால் 3:16.86. கனடாவின் கிரிப்ஸ்-கோப்பாக்ஸ், ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக்-மார்கிஸ், இரண்டு வண்டிக்கும் அதே நேரம். கடைசியாக இறங்கியது கனடா. போர்டில் நேரம் வந்ததும் யார் ஜெயித்தார்கள் என்று ஒரு கணம் எவருக்கும் புரியவில்லை. பிறகு ஜெர்மன்காரர்களும் கனடாக்காரர்களும் ஒரே குவியலாக விழுந்தார்கள். 1998 நகானோவிலும் இதே போட்டியில் கனடாவும் இத்தாலியும் சமன். நூறில் ஒரு பங்கை நீங்கள் பெயராக வைத்திருக்கிறீர்கள். அந்த ஒரு பங்குகூட இல்லாத போட்டி இது.

---

நூறில்_ஒன்று
18 சனவரி, காலை 11:02

திருத்தம் ஏத்துக்கிட்டேன் சார். 1924-க்கெல்லாம் போவீங்கன்னு தெரிஞ்சிருந்தா நானும் கொஞ்சம் ஜாக்கிரதையா எழுதியிருப்பேன்.

---

பூண்டு_ரசம்
18 சனவரி, மதியம் 1:20

இவ்வளவு நேரம் ஒருத்தரும் கர்லிங் பேசலை. வெட்கமா இல்லையா? பேர்லயே பூண்டை வச்சுட்டு நான் எவ்வளவு நேரம்தான் பொறுத்துக்கிட்டு இருப்பேன்.

கொரியாவுல உய்சியோங்னு ஒரு சின்ன ஊர். பூண்டுக்குப் பேர் போனது. அந்த ஊர்ல பள்ளிக்கூடப் பொண்ணு ஒருத்தி கர்லிங் கத்துக்க ஆரம்பிச்சா, தோழியைக் கூட்டிட்டு வந்தா. தோழியோட தங்கச்சி அக்காவுக்கு ஏதோ கொடுக்க வந்தவ, அவளும் சேந்துட்டா. தங்கச்சியோட வகுப்புத் தோழியும் வந்தா. அதுதான் 2018 கொரிய அணி. பின்னாடி வந்து சேந்த அஞ்சாவது பொண்ணையும் சேத்து அஞ்சு பேருக்கும் கிம்னுதான் பேரு, பயிற்சியாளரும் கிம். வெளிநாட்டுக்காரங்களுக்குக் குழப்பமா இருக்கும்னு காலைச் சாப்பாட்டை வச்சுப் பட்டப்பேரு வச்சுக்கிட்டாங்க. ஒருத்தி பான்கேக், ஒருத்தி ஸ்டீக், முட்டை ஆஃப்பாயில் பிடிச்சவ சன்னி, தயிர் பிராண்டு பேர்ல ஆனி. நம்ம ஊர்ல இருந்திருந்தா பொங்கல், வடை, பூரின்னு ஓடியிருக்கும்.

கேப்டன் கிம் உன்-ஜியோங். பெரிய வட்டக் கண்ணாடி, முகத்துல சிரிப்பே கிடையாது. ஆனா கல்லை விட்டதும் கத்துவாங்க பாருங்க, "யொங்மியீ!" யொங்மிங்கிறது பிரஷ் தேய்க்கிற தோழி. அந்த ஒரே பேரை இழுத்துக் கத்தினா ஒரு அர்த்தம், வெட்டிக் கத்தினா இன்னொரு அர்த்தம். வேகமா தேய், நிறுத்து, பொறு, எல்லாம் அந்தப் பேருக்குள்ளயே. கொரியாவே அந்தப் பேரைக் கத்திட்டு இருந்துச்சு. எங்க அம்மா சமையல்கட்டுலருந்து என் பேரை நாலு விதமா கூப்பிடுவாங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை. அதனால எனக்கு இந்த விளையாட்டு உடனே புரிஞ்சிடுச்சு.

தெரியாதவங்களுக்கு: கல்லு கிட்டத்தட்ட இருபது கிலோ கிரானைட், ஸ்காட்லாந்து பக்கத்துல ஐல்சா க்ரெய்க்னு ஒரு தீவுக் கல்லு. பனி மேல சின்னச் சின்னத் துளியா தண்ணி தெளிச்சு உறைய வச்சிருப்பாங்க. தேய்ச்சா அந்தப் புள்ளிகள் சூடாகி வழுக்கும், கல்லு அதிக தூரம் போகும், வளையறதும் குறையும்.

பிப்ரவரி 23, அரையிறுதி, எதிரணி ஜப்பான். லீக் சுற்றுல கொரியா ஒன்பதுல எட்டு ஜெயிச்சுது. தோத்த ஒண்ணே ஒண்ணு இதே ஜப்பான்கிட்டதான். ரெண்டு அணியும் கல்லு எல்லாத்தையும் விட்டு முடிக்கிற ஒரு சுத்துக்கு எண்டுன்னு பேரு. பத்தாவது எண்டுல ஜப்பான் ஒரு புள்ளி எடுத்து 7-7. கூடுதல் எண்டு. கடைசிக் கல்லு உன்-ஜியோங் கையில. இப்ப நூறில் ஒன்று சொல்ற பத்து நொடி பாருங்க, கர்லிங்ல அது கோட்டைத் தாண்டின பிறகு இல்ல, கல்லு கையை விட்ட பிறகு! கல்லு போயிட்டே இருக்கு, போயிட்டே இருக்கு. விட்டவங்களால ஒண்ணும் செய்ய முடியாது, கத்தத்தான் முடியும். நடுவுல வந்து நின்னுச்சு. 8-7. அதுவரைக்கும் சிரிக்காத அந்த முகம் அழுதுது பாருங்க. அப்படியே கையைத் தூக்கி ரசிகர்களுக்கு ஒரு சல்யூட்.

இறுதிப் போட்டியில ஸ்வீடன்கிட்ட 8-3. அதைப் பத்தி நான் பேச மாட்டேன்.

---

மூணாவது_பீரியட்
18 சனவரி, இரவு 7:55

ஸ்கார்பரோவில இருந்து வணக்கம். கனடாக்காரனுக்கு பியாங்சாங் எண்டால் பொம்பிளையள் ஐஸ் ஹாக்கி இறுதிப் போட்டி, அதாலதான் நான் இந்த இழையை நேற்றில இருந்து சும்மா பாத்துக்கொண்டு போனனான். 2002-ல இருந்து தொடர்ந்து நாலு தங்கம் எங்களுக்கு. 22-ந் தேதி அமெரிக்காவோட 2-2, ஓவர்டைமிலயும் முடியேல்ல, ஷூட்அவுட். அதிலயும் அஞ்சு அஞ்சு அடிச்சுச் சமன். ஆறாவதா ஜோசலின் லமூரு-டேவிட்சன் வந்து, இடம் காட்டி வலம் காட்டி எங்கட கோலியைப் படுக்கவைச்சிட்டுப் போட்டா. பிறகு மெகன் அகோஸ்டா அடிச்சதை 20 வயசுப் பிள்ளை மேடி ரூனி தடுத்திட்டா. அவ்வளவுதான். ஒரு ஒலிம்பிக் தங்கத்தை ஷூட்அவுட்டில குடுக்கிறது அநியாயம் எண்டு நான் இப்பவும் சொல்லுவன். நாங்கள் வெண்டிருந்தால் சொல்லியிருப்பனோ எண்டு கேக்காதேங்கோ.

தம்பி கேட்ட அந்தப் பத்து நொடி எங்களிட்டயும் ஒண்டு கிடக்கு. வெள்ளிப் பதக்கத்தைக் கழுத்தில போட்டவுடன ஜோசலின் லரோக் கழட்டிக் கையில வைச்சிட்டா. உலகமே ஏசினது, அவவும் பிறகு மன்னிப்புக் கேட்டவ. நான் அண்டைக்கு அவவை ஏசேல்ல. எனக்கும் அதைக் கழட்டி எறியவேணும் போலதான் இருந்தது.

ஒரு நல்லதையும் சொல்லிட்டுப் போறன். ரெண்டு கொரியாவும் சேந்து ஆடின அணி. முதல் ரெண்டு ஆட்டமும் 8-0, 8-0 எண்டு தோல்வி. ஜப்பானோட ஆடேக்க ரேண்டி ஹீசூ கிரிஃபின் அடிச்ச ரப்பர் வட்டு தட்டுத்தடுமாறி, கோலியின்ர காலுக்குள்ளால போட்டுது. அந்த அணியின்ர முதல் கோல். ஆட்டம் 4-1 எண்டு தோல்விதான். ஆனால் அந்த ரப்பர் வட்டை ஹாக்கி அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போனவை.

---

அந்தக்காலத்து_ஆள்
19 சனவரி, காலை 6:10

தம்பிமார்களுக்கும் அம்மணிகளுக்கும் வணக்கம். எல்லாரும் முதல்ல வந்தவங்களைப் பத்தியே எழுதுறீங்க. கடைசியில வந்தவனைப் பத்தி நான் எழுதுறேன்.

1998 நகானோ. 10 கிலோமீட்டர் ஸ்கீ ஓட்டம். ஜெயிச்சது நார்வேயோட பியோர்ன் டேலி, அந்தக் காலத்துல அவரை யாரும் தொட முடியாது. பதக்கம் கொடுக்கக் கூப்பிடுறாங்க, மனுஷன் வரமாட்டேங்கறார். ஏன்னா கென்யாவிலிருந்து வந்த பிலிப் பாய்ட் இன்னும் ஓடிக்கிட்டிருக்கார். டேலி எடுத்துக்கிட்ட நேரத்தைவிட இருபது நிமிஷம் கூடுதலா ஆச்சு. பாய்ட் வந்தார், 92-வது, கடைசி. டேலி போய்க் கட்டிப் பிடிச்சார். பாய்ட் ஊருக்குப் போய்த் தன் மகனுக்கு டேலின்னே பேர் வச்சார். நூறில் ஒன்று தம்பி தேடுற அந்தப் பத்து நொடிக்கு மூலம் அங்க இருக்குன்னு நினைக்கிறேன்.

அதே நகானோவுலதான் நம்ம நாட்டுலருந்து சிவா கேசவன் லூஜ்ங்கிற பனிச்சறுக்கு வண்டிப் போட்டியில இறங்கினார். 16 வயசு. மணாலிப் பையன். அதிலிருந்து விடாம ஆறு ஒலிம்பிக்ஸ். நாட்டுல ஒரு பனித்தடம் கிடையாது. சக்கரம் வச்ச வண்டியில மல்லாந்து படுத்துக்கிட்டு, லாரியும் மாடும் போற இமயமலை ரோட்டுல பழகினவர். பியாங்சாங்தான் கடைசி. கொடி பிடிச்சு வந்தார், 34-வதா முடிச்சார், விடைபெற்றார். நம்ம பத்திரிகைகள்ல ஏதோ மூலையில வந்துது. நான் அதைக் கத்தரிச்சு வச்சிருக்கேன்.

இப்ப பியாங்சாங் கதை. பிப்ரவரி 16, ஆண்கள் 15 கிலோமீட்டர். ஸ்விட்சர்லாந்தோட டாரியோ கொலோன்யா ஜெயிச்சார், தொடர்ந்து மூணாவது தடவை. நம்ம ஜக்தீஷ் சிங் 103-வது. 114-வதா வந்தவர் டோங்காவோட பீட்டா டாவ்ஃபாடோஃபுவா. உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கிட்டு, அந்தக் குளிர்ல சட்டையில்லாம கொடி பிடிச்சாரே, அதே ஆள். ரியோவுல டேக்வாண்டோ ஆடினவர். ஓடி முடிச்சுட்டு அவர் போகல, கோட்டுகிட்டயே நின்னார். கொலம்பியா, மொராக்கோன்னு கடைசி இடங்கள்ல வந்த இன்னும் ரெண்டு மூணு பேரும் நின்னாங்க. எதுக்கு? மெக்ஸிகோவோட ஹெர்மான் மத்ராசோ இன்னும் வரல. 43 வயசு, ஸ்கீ கத்துக்கிட்டே ஒரு வருஷம் சொச்சம்தான். ஜெயிச்சவர் 34 நிமிஷத்துல முடிச்ச ஓட்டத்தை அவர் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவா முடிச்சார். கடைசி நூறு மீட்டர்ல யாரோ கொடியை நீட்டினாங்க, ஒரு கையில அதைப் பிடிச்சுக்கிட்டே வந்தார். 116 பேர்ல 116-வது. காத்திருந்தவங்க அவரைத் தோள்ல தூக்கிட்டாங்க. தங்கம் வாங்கினவனுக்குக்கூட அப்படி நடக்கல.

---

ஒஸ்லோக்காரி
19 சனவரி, மதியம் 3:05

ஐயா, டேலி கதையை இஞ்ச சின்னப் பிள்ளையளுக்கும் சொல்லிக்குடுக்கிறவை. உங்கட எழுத்தில வாசிக்கேக்க வேற மாதிரிக் கிடக்கு, நன்றி.

நான் இன்னொரு ஆளையும் இதில எழுதாமல் போகேலாது. லாவ்ரா டாஹ்ல்மயர். ஜெர்மனி, பயத்லான், அதாவது ஸ்கீ ஓட்டமும் துவக்குச் சூடும் சேந்த போட்டி. பியாங்சாங்கில ஸ்பிரின்ட், பர்ஸ்யூட் ரெண்டிலயும் தங்கம். ஒரே ஒலிம்பிக்ஸில அந்த ரெண்டையும் எடுத்த முதல் பொம்பிளை. துவக்கைத் தோளில போட்டுக்கொண்டு மூச்சிரைக்க வந்து, படுத்தவுடன அஞ்சு குண்டும் அஞ்சு கரும்புள்ளியில. நோர்வேக்காரர் எல்லாருக்கும் வயித்தெரிச்சல். எனக்கும்தான். 25 வயசில போதும் எண்டு விட்டிட்டு மலையேறப் போட்டா. போன ஜூலை பாகிஸ்தானில லைலா சிகரத்தில கல்லு விழுந்து... 31 வயசு. தனக்கு ஏதும் நடந்தால் மீட்க வாற ஆக்கள் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது, தன்னை மலையிலயே விட்டிடுங்கோ எண்டு முதலே எழுதி வைச்சிருந்தவ. அப்பிடியே விட்டிட்டு வந்தவை.

---

நாலாவது_சுற்று
19 சனவரி, மாலை 4:20

அந்த ஸ்பிரின்டில் கடும் காற்று. மற்றவர்கள் குறி தவறிக்கொண்டே இருந்தார்கள். அவர் பத்துக்குப் பத்து.

---

நூறில்_ஒன்று
19 சனவரி, இரவு 8:45

ஐயா, பாய்ட்-டேலி கதை எனக்குத் தெரியாம இல்ல. ஆனா என் பத்து நொடிக்கும் அதுக்கும் முடிச்சுப் போடணும்னு தோணினதே இல்ல.

நான் முதல் பதிவுலயே இன்னொண்ணு எழுதி அழிச்சுட்டேன். சந்தோஷமான இழையில எதுக்குன்னு. மூணாவது பீரியட் லரோக் கதையைச் சொன்ன பிறகு எழுதலாம்னு தோணுது. ஆண்கள் லூஜ், ஃபெலிக்ஸ் லோக். 2010, 2014 ரெண்டுலயும் தங்கம். மூணு ஓட்டம் முடிஞ்சு முதலிடம். நாலாவது, கடைசி ஆளா இறங்குறார். ஒழுங்கா படுத்துட்டுக் கீழ வந்தா மூணாவது தங்கம். அந்தத் தடத்துல ஒன்பதாவது வளைவு ஒண்ணு இருக்கு, பாக்கறதுக்கு வளைவு மாதிரியே தெரியாது. எல்லாரும் சொல்லிட்டு இருந்த இடம்தான். அங்க வண்டி பக்கவாட்டுல ஒரு தடவை சறுக்குச்சு. முழுசா ஒரு நொடிகூட இல்ல. கீழ வரும்போது அஞ்சாவது. உலகக் கோப்பையில ஒரு தடவைகூட ஜெயிக்காத ஆஸ்திரியாக்காரர் டேவிட் க்ளைர்ஷருக்குத் தங்கம்.

லோக் வண்டியைவிட்டு எழுந்திரிக்கல. ஹெல்மெட்டோட குனிஞ்சு, முகத்தைக் கையில புதைச்சுட்டு அப்படியே உக்காந்துட்டார். அவங்க அப்பாதான் பயிற்சியாளர். அவர் வந்து குனிஞ்சு பிடிச்சுக்கிட்டார். அந்தப் பக்கம் க்ளைர்ஷர் நம்ப முடியாம தலையில கை வச்சுட்டுக் குதிக்கிறார். ரெண்டுமே ஒரே காமிரா ஃபிரேம்ல. லெடெட்ஸ்கா வீடியோவை நூறு தடவை பாத்திருப்பேன். இதை ரெண்டு தடவைதான்.

---

பூண்டு_ரசம்
19 சனவரி, இரவு 9:12

இதுக்கு மேல கர்லிங் இறுதிப் போட்டியைப் பத்தியும் பேசுன்னு சொல்லிடாதீங்க. மனசு தாங்காது.

---

சும்மா_படிக்கிறவன்
19 சனவரி, இரவு 10:30

அண்ணே, நீங்க சொன்னீங்களேன்னு லெடெட்ஸ்கா வீடியோவைத் தேடிப் பிடிச்சு டிவியில போட்டேன். அம்மா பக்கத்துல கீரை ஆஞ்சிட்டு இருந்தாங்க. பொண்ணு இறங்கி வந்து நிக்குது, போர்டுல பச்சை, கூட்டம் கத்துது, அது அப்படியே முழிச்சுட்டு நிக்குது. அம்மா கீரையை விட்டுட்டு எட்டிப் பாத்து, "ஏன்டா, யாரு ஜெயிச்சா?"ன்னாங்க. இந்தப் பொண்ணுதான்மான்னேன். இன்னொரு தடவை போடச் சொன்னாங்க. போட்டேன். மறுபடியும் முழிச்சுட்டு நிக்குது.

"அவளுக்குத் தெரியலடா. யாராச்சும் போய்ச் சொல்லுங்களேன்"னாங்க.